சிப் நிறுவனங்களின் ஒப்பீட்டு வரைபடங்களை அடியிலிருந்து படிப்பது எப்படி?

புதிய பிராசஸர் வெளியாகும் நாளில் மேடையில் ஒருவர் நிற்பார். பின்னால் பெரிய திரையில் பட்டை வரைபடம். அவருடைய சிப்பின் பட்டை ஓங்கி நிற்கும், போட்டியாளரின் பட்டை பாதியில் சோர்ந்து கிடக்கும். சில வாரம் கழித்துப் போட்டியாளர் மேடையேறினால் அதே காட்சி தலைகீழாக நடக்கும். இரண்டில் எது பொய் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டுமே பொய் இல்லை. பெரிய நிறுவனங்கள் திரையில் போடும் எண்ணை வழக்கறிஞர்கள் பார்க்காமல் விடுவதில்லை. ஆட்டம் முழுவதும் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது: எந்த மென்பொருளை ஓட்டுவது, எந்தச் சிப்பை எதிரில் நிறுத்துவது, எவ்வளவு மின்சாரம் கொடுப்பது, அதற்கு எந்த ரேம் போடுவது. முதல்முறை கணினி பாகங்கள் வாங்கப்போகிறவர்கள், லேப்டாப் தேடிக் குழம்பிக் கிடப்பவர்கள், இந்தத் தேர்வுகளைக் கண்டுபிடிக்கப் பழகினால் போதும். நான் படிக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பட்டையை விடுங்கள், அடிக்குறிப்பைப் படியுங்கள்

ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். விரிவான விவரம் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அங்கே தேட வேண்டியவை: சோதனையை நடத்தியது யார், எந்தத் தேதியில், இரண்டு கணினிகளிலும் என்ன ரேம், என்ன கூலர், என்ன கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் எந்தப் பதிப்பு, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) என்ன மின்வரம்பு. முக்கியமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

2018 அக்டோபரில் நடந்தது நல்ல பாடம். இன்டெல் தன் கோர் ஐ9-9900கே சிப்பை அறிமுகம் செய்தபோது, அதன் செலவில் பிரின்சிபிள்டு டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் கேம் சோதனைகளை நடத்தி அறிக்கை வெளியிட்டது. எதிரில் ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ். அறிக்கையோடு அமைப்பு விவரங்களும் முழுதாக வெளியாகியிருந்தன. அதைப் படித்தவர்கள் ஒரு வரியில் நின்றார்கள்: ரைசன் கணினியில் ‘கேம் மோட்’ இயக்கப்பட்டிருந்தது. பெயரைக் கேட்டால் கேமுக்கு நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் அது ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் போன்ற பெரிய சிப்களை மனதில் வைத்துச் செய்த வசதி. 2700எக்ஸில் அதைப் போட்டால் எட்டு கோர்களில் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நான்கு அணைந்துவிடும். பாதி கோர்களோடு ஓடிய சிப்பைத்தான் வென்றிருக்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மறுபடி சோதித்தார்கள், இடைவெளி குறைந்தது. இன்டெல் அப்போதும் முன்னால்தான் இருந்தது, அது வேறு விஷயம். இத்தனைக்கும் அந்த அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நாம் நினைக்கும் இடத்தில் எல்லாம் எழுதியிருந்தது.

ஏஎம்டியும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் ரைசன் 9 5900எக்ஸ்டி என்ற சிப்பை, ஏஎம்4 சாக்கெட் (சிப்பைப் பொருத்தும் இடம்) உள்ள பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்காகக் கொண்டுவந்து, இன்டெல்லின் கோர் ஐ7-13700கே-வுக்குக் கேமில் சமம் என்று காட்டியது. அடிக்குறிப்பில் கிராபிக்ஸ் கார்டு: ரேடியான் ஆர்எக்ஸ் 6600. நடுத்தரத்துக்கும் கீழான கார்டு. கேமில் ஒவ்வொரு காட்சிக்கும் பிராசஸரும் வேலை செய்கிறது, கார்டும் வேலை செய்கிறது. மெதுவானது எதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். கார்டு திணறிக்கொண்டிருந்தால் எந்தப் பிராசஸரைப் பூட்டினாலும் எண் ஒன்றுதான். ஆக, ‘சமம்’ என்று அளந்தது பிராசஸரை அல்ல, கார்டை.

இதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பிராசஸரைக் கேமில் ஒப்பிட வேண்டுமானால் கிடைப்பதிலேயே வலிமையான கார்டைப் பூட்டி, திரைத் தெளிவை 1080பி அளவில் வைக்க வேண்டும். ‘அவ்வளவு விலையுள்ள கார்டை வைத்துக்கொண்டு 1080பி-யில் யார் ஆடுகிறார்கள்?’ என்று மதிப்புரைகளின் கீழே ஒருவர் தவறாமல் கேட்பார். அதிகம் பேர் ஆடுவதில்லை. பிராசஸரைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அதுதான் வழி. அதே சமயம், நீங்கள் 4கே திரையில் ஆடுகிறவர் என்றால், மதிப்புரையில் பார்க்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் வீட்டில் தெரியாது என்பதும் உண்மை. பணத்தைக் கார்டில் போடுங்கள்.

மேடையில் சிப்பை ஓட்டிக் காட்டும்போது அடிக்குறிப்பு கூட இருக்காது. 2018 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் இன்டெல் 28 கோர் சிப் ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 500 கோடி துடிப்பு) ஓட்டிக் காட்டியது. மேசைக்கு அடியில் தொழிற்சாலைகளில் வைக்கும் குளிர்விப்பு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. மேடையில் நடப்பதைப் பார்த்து ரசிக்கலாம். வாங்கும் முடிவை அதன்மேல் கட்டாதீர்கள்.

படி 2: கிகாஹெர்ட்ஸையும் கோர் எண்ணிக்கையையும் ஒரே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது, இரண்டு நாளில் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. அந்தக் காலத்தில் இந்த ஒரு எண்ணைக் கேட்டுத்தான் மக்கள் கணினி வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 வந்தது, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். கேட்க ஜோர். ஆனால் பல மென்பொருள்களில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐயே அதனால் தாண்ட முடியவில்லை. காரணம் எளிது. ஒரு கட்டளையை முடிக்கும் வேலையைச் சின்னச் சின்ன நிலைகளாகப் பிரித்தால் துடிப்பை வேகமாக ஓட்டலாம். பென்டியம் 4-ல் 20 நிலைகள், 2004-ல் வந்த பிரெஸ்காட் வகையில் 31. துடிப்பு ஏறியது. ஒரு துடிப்புக்கு முடியும் வேலை குறைந்தது. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று சிப் போட்ட ஊகம் தப்பினால், நீண்ட வரிசையில் நின்ற வேலையெல்லாம் வீண்.

கிகாஹெர்ட்ஸில் பின்தங்கித் தெரிந்த ஏஎம்டி வேறொரு வழி பிடித்தது. 2001-ல் அத்லான் எக்ஸ்பி சிப்களுக்கு 1800+ என்பது போலப் பெயர் வைத்தது. அதன் உண்மைத் துடிப்பு 1.53 கிகாஹெர்ட்ஸ். பழைய அத்லானோடு ஒப்பிட்டு வைத்த எண் என்பது நிறுவனத்தின் விளக்கம். கடையில் நின்றவர்கள் அதை 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு நிகர் என்றுதான் படித்தார்கள், படிக்கட்டும் என்றுதான் வைத்தார்கள் என்பது என் கணிப்பு. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுக் காட்டினார். கிகாஹெர்ட்ஸ் போர் அத்தோடு ஓய்ந்தது.

ஆகவே ஒரே வடிவமைப்பில் வந்த இரண்டு சிப்களுக்குள் கிகாஹெர்ட்ஸ் ஒப்பீடு செல்லும். நிறுவனம் மாறினாலோ தலைமுறை மாறினாலோ செல்லாது. பெட்டியில் ‘5.7 கிகாஹெர்ட்ஸ் வரை’ என்று இருந்தால் அது ஒன்றிரண்டு கோர்கள், சூடேறாத நேரத்தில், சிறிது நேரம் தொடும் உச்சம். 2019-ல் ரைசன் 3000 வாங்கிய பலர் பெட்டியில் போட்ட உச்சத்தைத் தங்கள் சிப் தொடவே இல்லை என்று முறையிட்டார்கள். ஏஎம்டி செப்டம்பரில் பயாஸ் திருத்தம் வெளியிட்டு 25 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக்கொடுத்தது. இவ்வளவு சிறிய எண்ணுக்கா அவ்வளவு சண்டை என்றால், ஆமாம், பெட்டியில் அச்சிட்டிருந்ததே.

கோர் எண்ணிக்கையும் இதே கதைதான். 2011-ல் ஏஎம்டி கொண்டுவந்த எஃப்எக்ஸ்-8150 ‘எட்டு கோர்’ என்று விற்கப்பட்டது. உள்ளே இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்கீட்டுப் பகுதியைப் பங்குபோட்டன. அது எட்டா நான்கா என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. 2021-ல் வந்த இன்டெல்லின் கோர் ஐ9-12900கே-யில் 16 கோர் என்றால் எட்டு பெரியவை, எட்டு சிறியவை. பதினாறும் ஒரே திறன் அல்ல.

கோர் கூடினால் வேகம் அதே அளவு கூடாது என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடுங்கள். உங்கள் வேலையில் முக்கால் பங்கைத்தான் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும், கால் பங்கு ஒரே கோரில் ஓடியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கோரில் அது ஒரு கோரைவிட 2.9 மடங்கு வேகம். பதினாறு கோரில் 3.4 மடங்கு. கோர் இரட்டிப்பானது, வேகம் கூடியது 16 சதவீதம்தான். ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த கணக்கு இது, இன்னும் யாராலும் இதைத் தாண்ட முடியவில்லை.

படி 3: பெயரை நம்பாதீர்கள்

ரைசன் 5 7520யு என்ற லேப்டாப் சிப்பில் முன்னால் நிற்கும் 7, அது 7000 வரிசை என்று மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு 2019-ல் அறிமுகமான ஸென் 2. மூன்றாவது இலக்கமான 2-தான் அதைச் சொல்கிறது. 2023 டிசம்பரில் இன்டெல் இதைக் கேலி செய்து, ஏஎம்டி பழைய சரக்கைப் புதுப்பெயரில் விற்கிறது என்று ஓர் ஆவணமே வெளியிட்டது, பிறகு சத்தமில்லாமல் நீக்கியது. அடுத்த மாதமே இன்டெல்லின் கோர் 7 150யு வந்தது. பெயர் புதிது, உள்ளே ராப்டர் லேக், முந்தைய தலைமுறை. ஊசியைப் பார்த்துச் சல்லடை ஓட்டை என்றதாம்.

செய்ய வேண்டியது: முழு மாடல் எண்ணையும் கடைசி எழுத்துவரை எழுதி, நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் வடிவமைப்பின் பெயரையும் வெளியான காலத்தையும் பாருங்கள். ‘ஐ7 லேப்டாப்’ என்பது தகவலே அல்ல.

படி 4: ஸ்கோர் எதை அளக்கிறது என்று கேளுங்கள்

சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும் வேலையை ஓட்டுகிறது. அது கிட்டத்தட்ட எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் தின்னும் வேலை. கோர் அதிகமாக உள்ள நிறுவனம் எதுவோ அது அந்தப் பருவத்தில் சினிபெஞ்சை மேடையேற்றும். கீக்பெஞ்ச் சின்னச் சின்ன வேலைகளைச் சிறிது நேரம் ஓட்டுகிறது. அதன் 6-ஆம் பதிப்பில் கோர் ஐ7-12700 சிப்புக்கு 2500 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடுவதால், சூடேறினால் மூச்சுவாங்கும் மெல்லிய லேப்டாப் கூட அதில் நல்ல பெயர் எடுக்கும்.

சர்வர் சிப்களுக்கு ஸ்பெக் என்ற அமைப்பின் சோதனைத் தொகுப்புகள்தான் பொதுவான அளவுகோல். நிறுவனங்களே கூடி 1988-ல் தொடங்கிய அமைப்பு. இதன் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒரே தந்திரம் முப்பது ஆண்டு இடைவெளியில் திரும்பி வந்ததை இதில் பார்க்கலாம். முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு சோதனை இருந்தது, அணிப் பெருக்கல். நினைவகத்தை எட்டும் வரிசையை மாற்றி எழுதினால் அந்தச் சோதனை மட்டும் பல மடங்கு வேகமாக ஓடும் என்று கம்பைலர் (நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதுபவர்கள் கண்டுகொண்டார்கள். சிப்பில் ஒரு மாற்றமும் இல்லை, மொத்த ஸ்கோர் மட்டும் பறந்தது. 1992 தொகுப்பில் அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் அதே கதை: ஸ்பெக் சிபியு 2017 தொகுப்பில் உள்ள ஸலான் என்ற சோதனைக்கென்றே குறுகலாகச் செய்த வேலைப்பாடு இன்டெல்லின் கம்பைலரில் இருக்கிறது என்று ஸ்பெக் கண்டு, 2,600-க்கும் மேற்பட்ட ஸீயான் (இன்டெல்லின் சர்வர் சிப்) முடிவுகளில் ‘இது ஏற்கத்தக்கதல்ல’ என்று குறிப்புப் போட்டது. ஸ்பெக் முடிவுகளில் ‘பேஸ்’, ‘பீக்’ என்று இரண்டு எண் இருக்கும். பீக் என்பது ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் திருகிப் பெறும் எண். பேஸ் எண்ணையே பாருங்கள்.

அளவுகோலை உருவாக்குபவர் யார் என்பதும் முக்கியம். சிஸ்மார்க் சோதனையை உருவாக்கும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து 2011-ல் ஏஎம்டி, என்விடியா, வயா மூன்றும் வெளியேறின. ஒரு கம்பைலர் போட்டியாளரின் சிப்புக்கு அதே அளவு மெருகு ஏற்றாமல் போகலாம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2010-ல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு செய்த சமரசத்தில் இன்டெல் ஒப்புக்கொண்டது.

கைப்பேசியில் நிலைமை இன்னும் மோசம். பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) செயலியின் பெயரை அடையாளம் கண்டு, அது ஓடும்போது மட்டும் முழுவேகத்தில் ஓடும் கருவிகள் 2013 முதலே பிடிபட்டு வருகின்றன. கீக்பெஞ்ச் 2022-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்22 வரிசையைப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

படி 5: கையில் பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இரண்டு நிமிட வேலைதான், ஆனால் விளம்பர எண்களில் பாதி இங்கே உதிரும்.

ஐந்து சோதனைகளில் புதிய சிப் பழையதைவிட 1.02, 1.03, 0.99, 1.05, 2.00 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சோதனை புதிய சிப்பில் மட்டும் உள்ள ஒரு சிறப்புக் கட்டளையைப் பயன்படுத்துகிறது. பெருக்கல் சராசரி (ஐந்தையும் பெருக்கி அதன் ஐந்தாம் மூலம்) எடுத்தால் 17 சதவீத முன்னேற்றம். கூட்டல் சராசரி எடுத்தால் 22 சதவீதம். மேடையில் இந்த இரண்டில் ஒன்று ஒளிரும். கடைசிச் சோதனையை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 2 சதவீதம். அந்தக் கட்டளை உங்கள் மென்பொருளில் இல்லையென்றால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 2-தான். எனவே சராசரியைத் தாண்டித் தனித்தனிப் பட்டைகளைப் பாருங்கள். ஒரே ஒரு பட்டை மட்டும் வானத்தைத் தொட்டால் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து அச்சு. ஒரு சிப் 100, மற்றொன்று 110. அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் பட்டைகள் கிட்டத்தட்ட ஒரே நீளம். 90-ல் தொடங்கினால் ஒன்று 10, மற்றொன்று 20, கண்ணுக்கு இரண்டு மடங்கு. அச்சில் எண்ணே இல்லாத வரைபடமும் உண்டு. ஆப்பிளின் 2020 எம்1 அறிமுகத்தில் கோடுகள் அழகாக வளைந்தன, எதிரில் இருந்தது ‘சமீபத்திய லேப்டாப் சிப்’ என்ற பெயரில்லா ஆள். 2022-ல் எம்1 அல்ட்ராவை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டோடு ஒப்பிட்டபோது, அந்தக் கார்டு முழு மின்சாரத்தில் எட்டக்கூடிய உயரத்துக்கு முன்பே அதன் கோட்டை நிறுத்திவிட்டார்கள். எம்1 நல்ல சிப்தான், அந்த வரைபடம் நல்ல வரைபடம் இல்லை.

நேரமும் வேகமும் கலந்து பேசும் இடத்திலும் கவனம். 100 நொடி எடுத்த வேலை 60 நொடியில் முடிந்தால் ‘நேரம் 40 சதவீதம் குறைவு’ என்றும் சொல்லலாம், ‘67 சதவீதம் வேகம்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொன்றைச் சொன்னால் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

படி 6: எத்தனை வாட்?

விளம்பரத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், விலைக்கு அடுத்தபடியாக நான் முதலில் பார்ப்பதும் இதுதான். 12900கே-யின் அடிப்படை மின்அளவு 125 வாட், உச்சம் 241 வாட். ரைசன் 9 7950எக்ஸ் பெட்டியில் 170 வாட், சாக்கெட் வழியாக எடுக்க அனுமதி 230 வாட். ஏஎம்4 காலத்து ‘105 வாட்’ ரைசன் 142 வரை போகும். இரண்டு நிறுவனங்களின் ‘டிடிபி’ (பெட்டியில் போடும் வாட் அளவு) எண்களும் ஒரே விதத்தில் கணக்கிடப்பட்டவை அல்ல, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். மதிப்புரையில் உண்மையில் அளந்த வாட் இருக்கிறதா என்று பாருங்கள். 10 சதவீத வேகத்துக்கு 60 சதவீத மின்சாரம் தின்னும் சிப்புக்குப் பெரிய கூலரும் வேண்டும், சத்தத்தையும் சகிக்க வேண்டும்.

மதர்போர்டு நிறுவனங்கள் மின்வரம்பைத் தாமாகவே தளர்த்தி வைப்பதும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில நிலைகுலைந்த விவகாரத்துக்குப் பிறகு, 2024-ல் இயல்புநிலை அமைப்புகளையும் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களையும் அந்த நிறுவனம் வலியுறுத்தியது. அதற்கு முன் எழுதிய மதிப்புரைகளில் உள்ள எண்கள் வேறு அமைப்பில் எடுத்தவை. மதிப்புரையின் தேதியைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

லேப்டாப்பில் வாட்தான் எல்லாம். ஒரே மாடல் சிப் ஒரு மெல்லிய லேப்டாப்பில் 15 வாட்டோடு நிற்கும், தடித்த ஒன்றில் அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளும். சிப்பின் மதிப்புரையைப் படித்துப் பயனில்லை, நீங்கள் வாங்கும் அந்த லேப்டாப் மாடலின் மதிப்புரையைப் படியுங்கள்.

படி 7: டாப்ஸ்

ஏஐ வந்த பிறகு முளைத்த புது எண் இது, நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போட முடியும் என்பதன் அளவு. மைக்ரோசாஃப்டின் கோபைலட்+ கணினிக்கு 40 டாப்ஸ் தேவை, அதுவும் என்பியு (ஏஐ வேலைக்கென்றே உள்ள) பகுதியில் மட்டும். சில விளம்பரங்கள் பிராசஸர், கிராபிக்ஸ், என்பியு மூன்றையும் கூட்டிச் சொல்லும். இன்டெல்லின் லூனர் லேக் லேப்டாப் சிப்பின் 120 டாப்ஸ் அப்படி வந்தது, அதில் என்பியுவின் பங்கு 48. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் என்பியுவைத் தொடவில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 8: உங்கள் வேலையை வைத்து நீங்களே அளங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது உறுதி. நண்பரின் கணினியோ, திருப்பிக் கொடுக்க வசதியுள்ள புதுக் கணினியோ கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் தினமும் காத்துக்கிடக்கும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வீடியோ ஏற்றுமதி, நிரல் பில்டு, பெரிய கணக்குத்தாள், எதுவானாலும் சரி. இரண்டு கணினியிலும் அதே கோப்பு, அதே மென்பொருள் பதிப்பு. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி ஒருமுறை, பேட்டரியில் ஒருமுறை. விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் கோப்பைப் படிக்கும் நேரமும் சேர்ந்துவிடும். அதன்பிறகு மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். சூட்டைச் சோதிக்க சினிபெஞ்ச் ஆர்23-ஐ அதன் பத்து நிமிட அமைப்பில் ஓட்டி, ஒரே ஒரு சுற்று ஓட்டியபோது வந்த ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். பெரிதாக இறங்கினால் அந்த லேப்டாப்பின் குளிர்விப்பு அந்தச் சிப்புக்குப் போதவில்லை. கேம் என்றால் சராசரி ஃப்ரேமோடு ‘1 சதவீத லோ’ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) எண்ணையும் பாருங்கள், ஆடும்போது கையில் தெரியும் திக்கல் அதில்தான் இருக்கும்.

மூன்று ஓட்டங்களுக்குள்ளேயே 2, 3 சதவீதம் ஆடுகிறது என்றால் இரண்டு சிப்களுக்கு இடையே உள்ள 3 சதவீத வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. அந்த இடத்தில் விலை, கூலர் சத்தம், அதே மதர்போர்டில் பின்னால் புதிய சிப் போட முடியுமா என்ற மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள்.